கரண்டு வரக் கூடாது

இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துப் புரட்டாசி மாதம். கரண்டு வந்துவிடக் கூடாது என்று தமிழ்நாட்டிலேயே சாமி கும்பிட்ட ஒரே மனுஷி ராமுத்தாயாகத்தான் இருப்பாள்.

மற்றவர்களெல்லாம் அதற்குத் தவம் கிடந்தார்கள். சிவகாசியில் அச்சாபீஸ் மிஷின்கள் பாதித் தாளைக் கவ்விக்கொண்டு நின்றன. மாவு மில்லுக்குப் போன அரிசி, போன மாதிரியே அரிசியாகத் திரும்பி வந்தது. ஆனைக்குட்டம் பக்கத்து வெள்ளாமைச் சம்சாரிகள், மாப்பிள்ளை வீட்டார் வரும் பாதையைப் பார்ப்பதுபோல் மின்கம்பியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ராமுத்தாய் மட்டும் கிணற்றடிப் பம்புசெட் ரூமுக்கு முன்னால் நின்று முந்தானையைப் பிசைந்தாள். "மாரியாத்தா, இன்னிக்கு ஒரு பொழுது மட்டும் அந்தக் கம்பிக்கு உசுரு வந்துறக் கூடாது."

அவள் புருஷன் செல்லப்பாண்டி போன வாரம் பருத்தித் தரகர் சண்முகவேலை ஒரு வாய் மோர்கூடக் கொடுக்காமல் வாசலோடு திருப்பி அனுப்பியிருந்தான். அவர் சொன்ன விலைக்குக் கோடைப் பருத்தியைக் கொடுத்தால் எடுப்புக் கூலிக்குக் காணும். உரத்துக்கும் மருந்தடிப்புக்கும் காணாது. 'கட்டுற விலை வாரவரைக்கும் ஒரு தாட்டு வெளிய போகாது' என்று சொல்லி, பருத்தியைப் பெருஞ்சாக்குத் தாட்டுகளில் மிதித்துத் திணித்து, பம்புசெட் ரூமில் அடுக்கிப் பூட்டிவிட்டான்.

நல்ல வைராக்கியம்தான். ஆனால் சரக்கை வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்கிறவனுக்குப் பின்னால் சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கியும், கிட்டங்கிக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டியும் இருக்க வேண்டும். செல்லப்பாண்டிக்குப் பின்னால் ராமுத்தாய்தான் இருந்தாள்.

விலை காத்திருக்கும், உலை காத்திருக்குமா? அதனால் அவனுக்குத் தெரியாமல் அவள் ஒரு காரியம் செய்தாள். நாலு ஊர் சுற்றிப் பட்டாசுக்கு ஆள் பிடித்து வேலை வாங்கும் பாலகுரு, "பேப்பர் சாமான்தாங்க்கா. லேபிலு, அட்டை. தீவாளி வரைக்கும் ஒரு மூலை குடுத்தாப் போதும்" என்று வாடகை பேசியபோது, பம்புசெட் ரூமின் இன்னொரு சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டாள். புருஷன் இன்னும் கொஞ்ச நாள் நிமிர்ந்து நிற்கட்டும் என்று செய்ததுதான். அந்த வாடகையில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

இன்று காலையில் மிளகாய் நாற்றைப் பார்க்க வந்தவள், பூட்டில் ஒரு கைத்தடத்தைப் பார்த்தாள். வெள்ளிப் பூச்சு பூசியதுபோல் மினுமினுக்கும் தடம்.

சிவகாசிச் சுற்றுவட்டாரத்தில் அந்த மினுமினுப்பை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லேபிலும் அட்டையும் தூக்கியவன் கையில் அது ஒட்டாது. வெடிமருந்து கலக்கியவன் கையில்தான் ஒட்டும்.

ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள். பருத்தி அம்பாரத்துக்கும் சுவருக்கும் நடுவில் வாய் கட்டிய சாக்குகள். அதற்கு மேல் கட்டுக்கட்டாகத் திரி. மூக்கில் கந்தக நெடி. வாசற்படியில்கூடச் சாம்பல் நிறத்தில் பொடி சிந்திக் கிடந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. கதவுக்கு உட்புறம், சுவரில், மோட்டார் ஸ்டார்ட்டர். அதன் பச்சைப் பொத்தான் உள்ளே அமுங்கியே இருந்தது. தீப்பெட்டி அட்டையை மடித்து இடுக்கில் செருகியிருந்தான் செல்லப்பாண்டி.

இது இந்தப் பக்கத்துச் சம்சாரிகள் எல்லோரும் செய்கிற வேலை. மூணு பேஸ் கரண்டு எந்நேரம் வருமென்று யாருக்கும் தெரியாது. பொத்தானை அமுக்கியே வைத்துவிட்டால், கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கும்போது ஸ்டார்ட்டருக்குள் 'டப்'பென்று நீலமாக ஒரு பொறி தெறிக்கும். இத்தனை வருஷமாக அந்தப் பொறியை அவள் வெறும் சத்தமாகத்தான் கேட்டிருந்தாள்.

"என்னம்மா, ஜன்னலுக்குள்ள படம் ஓடுதா?"

மகள் முத்துமாரி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டாவது முடித்துவிட்டுக் காலண்டர் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள்.

"கிட்ட வராத புள்ள! அங்கனயே நில்லு! நீ வேலைக்குப் போகல?"

"போனேன். கரண்டு இல்ல, மத்தியானமா வாங்கன்னுட்டாக. மத்தியானம் கண்டிப்பா வந்துருமாம். ஓனர் ஈபி ஆபீஸ்ல கேட்டுட்டாரு."

"மத்தியானமா?"

"ஆமா. நம்ம லைனுக்கும் அப்பத்தான் மூணு பேஸாம். ஏம்மா, நல்ல சேதி சொன்னா மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி ஆகுது?"

ராமுத்தாய் சொன்னாள். வாடகை, சாவி, சாக்கு, பொத்தான் எல்லாவற்றையும் சொன்னாள். முத்துமாரி முகத்திலிருந்த கேலி எங்கே போனதென்று தெரியவில்லை.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் இங்கன நின்னு சாமி கும்பிடுதேன்?"

"சாவி?"

"ஒண்ணு ஒங்க அப்பன் இடுப்புல. அவரு விருதுநகருக்கு விலை விசாரிக்கப் போயிட்டாரு. இன்னொண்ணு அந்த நாசமாப் போறவன்கிட்ட."

பாலகுருவுக்கு முத்துமாரியின் செல்லிலிருந்து போட்டார்கள். அணைத்து வைத்திருந்தான். மறுபடி போட்டார்கள். அப்படியேதான்.

ராமுத்தாய் கிணற்று மேட்டில் கிடந்த கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கதவண்டை போனாள். ஒரு நெம்பு, பூட்டு பெயர்ந்துவிடும்.

"அம்மா! இரும்பு!"

மகள் போட்ட கூச்சலில் அவள் கை அந்தரத்தில் நின்றது. பூட்டும் இரும்பு, கடப்பாரையும் இரும்பு, காலடியில் பொடி. பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு ஆணியைக்கூட விடமாட்டார்கள் என்பது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோலக் கடப்பாரையைத் தரையில் கிடத்தினாள். தண்ணீரை ஊற்றிவிடலாமா என்றால், ஈரம் பட்டாலே சூடேறும் மருந்தும் உண்டென்று கேட்டிருந்தாள். நெருப்புக்கும் பயம், தண்ணீருக்கும் பயம்.

அந்நேரம் செல் அடித்தது. பாலகுரு இல்லை. புது நம்பர்.

"ஏ ராமுத்தாயி! நாந்தான். சண்முகவேல் அண்ணாச்சி செல்லுல இருந்து பேசுதேன்." செல்லப்பாண்டியின் குரலில் தேர்த்திருவிழா நடந்தது. "மில்லுல சரக்கு இல்லையாம். வெளியூர் லோடு வரலையாம். அண்ணாச்சி இறங்கி வந்துட்டாரு. நான் கேட்ட விலைக்கே எடுத்துக்கிடுதேன்னுட்டாரு!"

"கேட்ட விலைக்கேவா?"

"பைசா குறையாம! லாரியோட வந்துக்கிட்டு இருக்கோம். அண்ணாச்சிக்கு மோர் எடுத்து வையி. போன வாரத்து மோரையும் சேத்து."

பக்கத்தில் சண்முகவேல் சிரிப்பது கேட்டது. எத்தனை வெள்ளாமை! எத்தனை வருஷம் செல்லப்பாண்டி மண்டியிலிருந்து வேட்டியை உதறிக்கொண்டு வெறுங்கையோடு வந்திருக்கிறான்! இன்றைக்குத்தான் முதல் தடவையாக, விளைவித்தவன் சொன்ன விலைக்கு வாங்குகிறவன் தலையாட்டியிருக்கிறான்.

"சாவி ஒங்க இடுப்புலதான இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"வெரசா வாங்க."

முத்துமாரி செல்லைப் பிடுங்காத குறை. "ஏம்மா சொல்லல?"

"தரகரு செல்லுல இருந்துல்லட்டி ஒங்கப்பா பேசுதாரு! பக்கத்துலயே நிக்காக. சொன்னா விலை போயிரும்."

"விலை போனா வரும்மா."

வரும் என்று சொல்ல ராமுத்தாய்க்குத் தைரியமில்லை.

மகள்தான் யோசனை சொன்னாள். "ட்ரான்ஸ்பார்மர்ல பீஸ் கட்டையைப் பிடுங்கச் சொல்லுவோம். மோட்டார் ஷாக் அடிக்குதுன்னு லைன்மேன்கிட்ட ஒரு பொய்யை விட்டாப் போச்சு." சொல்லிக்கொண்டே சைக்கிளில் ஏறிப் பறந்துவிட்டாள்.

தனியாக நின்றவளுக்கு உச்சி வெயில் ஏறியது. கம்பியில் ஒரு காக்கை உட்கார்ந்தது. 'சூ' என்று அதையும் கிளப்பிவிட்டாள். ஆடு பத்திக்கொண்டு வந்த கருப்பம்மாளை, "இந்தப் பக்கம் வராத, நாத்தை மேஞ்சிரும்!" என்று வாயில் வந்ததைச் சொல்லி விரட்டினாள். "ஒன் நாத்து ஒனக்குத் தங்கமாக் காய்க்கும்" என்று வைதுகொண்டே போனாள் கருப்பம்மாள். எவ்வளவு வேண்டுமானாலும் வையட்டும், தூரமாகப் போய் வையட்டும்.

முத்துமாரி திரும்பியபோது அவள் முகமே சொல்லிவிட்டது. "லைன்மேன் ஆனைக்குட்டம் அணைப் பக்கம் கம்பத்துல ஏறி நிக்காராம்மா. வேற யாரும் பீஸைத் தொடமாட்டோம்னுட்டாக."

வண்டிப் பாதையில் புழுதி எழும்பியது. முன்னால் சண்முகவேலின் மோட்டார் சைக்கிள், பின்னால் செல்லப்பாண்டி உட்கார்ந்திருந்தான். அதற்குப் பின்னால் காலி லாரி ஆடி ஆடி வந்தது. செல்லப்பாண்டி இறங்கி, இடுப்பிலிருந்து சாவியை உருவிக்கொண்டே நடந்தான். ராமுத்தாய் அவனை மறிக்க ஓடினாள்.

"இங்கேருங்க, ஒரு வார்த்தை..."

பக்கத்துப் புஞ்சையில், கண்ணுச்சாமி கிணற்று மோட்டார் 'ஊம்' என்று முனகியது.

கரண்டு வந்துவிட்டது.

மகளின் கழுத்தை வளைத்துப் பிடித்து அப்படியே வரப்போரம் குப்புற விழுந்தாள் ராமுத்தாய். கண்ணை இறுக்கிக்கொண்டாள். வாயில் மண். மகளின் இருதயம் அடிப்பது தன் விலாவில் தெரிந்தது. 'டப்'பென்ற சத்தம் கேட்டது. இனி வரப்போகிற சத்தத்துக்காக உடம்பு முழுக்கக் காதாகிக் கிடந்தாள்.

சலசலவென்று தண்ணீர் விழுந்தது.

குழாயிலிருந்து தண்ணீர் பொங்கித் தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் புரண்டு, அவள் கையை நனைத்துக்கொண்டு நாற்றங்காலுக்குப் போனது.

"அட, தண்ணி வந்ததுக்கா ஆத்தாளும் மகளும் விழுந்து கும்பிடுதீக?" என்று சிரித்தான் செல்லப்பாண்டி. "பாத்தீகளா அண்ணாச்சி, விலையும் வந்துட்டு, கரண்டும் வந்துட்டு. நாளு நல்ல நாளு!"

கதவைத் திறந்தவன் சிரிப்பு அப்படியே நின்றது. சாக்குகளையும் திரிக்கட்டையும் பார்த்தான். அனிச்சையாக அவன் கை ஸ்டார்ட்டரின் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"தொடாதீக!" ராமுத்தாய் அலறிக்கொண்டு எழுந்தாள். "நிப்பாட்டுனாலும் பொறி தெறிக்கும்! ஓடட்டும், ஓடட்டும்!"

அவன் கையை எடுத்தான். திரும்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்கு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சண்முகவேல் கேட்டுக்கொண்டிருந்தார் என்பதைப் பற்றி இப்போது கவலையில்லை.

"எனக்காகவா செஞ்ச?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில், மூச்சுவிடப் பயந்துகொண்டு, மூன்று பேரும் சாக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துத் தூக்கிவந்து, தூரத்து வேப்பமரத்தடியில் இறக்கினார்கள். லாரிக்காரன் வண்டியைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டுபோய் நின்றான். முத்துமாரி சைக்கிளில் போய் வீட்டிலிருந்து எடுத்துவந்த மோரைச் சண்முகவேல் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்தார்.

"தங்கச்சி, நல்ல மோரு." பிறகு செல்லப்பாண்டியிடம், "பாண்டி, இதை நான் பாத்தது வேற யாருக்கும் தெரிய வேண்டாம்லா? லைசென்ஸ் இல்லாத மருந்து. போலீசு வந்தா ஒன் பேருல உள்ள ரூம்தான்" என்றார்.

"அண்ணாச்சி, விலை பேசியாச்சே."

"பருத்திக்குப் பேசுனோம். பாத்ததுக்குப் பேசலையே." தோளிலிருந்த துண்டை எடுத்து விரித்தார். "கையைக் குடு."

துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் போயின. அந்தக் காலத்திலிருந்து இந்தப் பக்கத்து வியாபாரம் அப்படித்தான். விரலைப் பிடித்தும் மடக்கியும் விலை பேசுவார்கள், சுற்றி நிற்பவருக்குத் தெரியாது. துண்டுக்குள் பிடித்த கையை விட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. பிறகு ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

ராமுத்தாய்க்குத் துண்டு மட்டும்தான் தெரிந்தது. அது ஒருமுறை உயர்ந்தது. இழுபட்டது. செல்லப்பாண்டியின் கழுத்து நரம்பு புடைத்தது. மறுபடி துண்டு அசைந்தது, இம்முறை மெதுவாக. புடைத்த நரம்பு அமுங்கியது. போன வாரம் மோர் கொடுக்காமல் துரத்திய விலைக்கும் கீழே இறங்கிவிட்டது என்பதை அவள் அந்தக் கழுத்திலேயே படித்துக்கொண்டாள்.

சண்முகவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஏத்துங்கப்பா!"

லாரிக்காரனும் கிளீனரும் தாட்டுகளைப் புரட்டி ஏற்றினார்கள். எடை போடும் இடத்தில் விளைவித்தவன் நிற்காவிட்டால் பருத்தியில் பாதி காற்றாகிவிடும் என்பதால், செல்லப்பாண்டி லோடு மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டான். மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். கோபமா, இரக்கமா என்று தெரிவதற்குள் லாரி திரும்பிவிட்டது. சண்முகவேல் தன் வண்டியில் வேறு ஊருக்கு, வேறு ஒரு சம்சாரியின் பருத்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் பாலகுரு வந்தான். டிவிஎஸ் பிப்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தி, சாக்குகளைப் பார்த்தவன் முகம் வெளுத்தது.

"ஏலே எடுபட்ட பயலே, பேப்பர் சாமானாலே இது?" என்று விளக்குமாற்றோடு பாய்ந்தாள் ராமுத்தாய்.

அவன் தடுக்கக்கூட இல்லை. சாக்குகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினான். "அக்கா... பருத்தி எங்கக்கா?"

"போயிட்டு. ஒன்னால கால் விலைக்குப் போயிட்டு."

"எல்லாத் தாட்டுமா?"

"எல்லாந்தான்."

பாலகுரு தலையில் கைவைத்துக் குத்தவைத்தான். "செக்கிங் வந்தா தெரியக் கூடாதுன்னு, இருக்கதுலயே மோசமான மருந்தை ஒரு தாட்டுக்கு நடுவுல வச்சு, மேல பருத்தியத் திணிச்சுத் தச்சிருந்தேங்க்கா."

விளக்குமாறு கீழே விழுந்தது.

"எந்தத் தாட்டு?"

"இப்ப எப்படிக்கா சொல்ல? எல்லாம் ஒண்ணுபோலதான் இருக்கும்."

"அப்பா அது மேலயே உக்காந்திருக்காரு" என்றாள் முத்துமாரி. குரல் அவளுடையதாகவே இல்லை.

செல்லப்பாண்டியிடம் செல் கிடையாது. லாரிக்காரன் நம்பர் யாருக்கும் தெரியாது. காலையில் வந்த புது நம்பரை முத்துமாரி தேடிப் போட்டு, அம்மாவின் காதில் வைத்தாள்.

"அண்ணாச்சி, நான் ராமுத்தாயி..."

"என்ன தங்கச்சி?" சண்முகவேல் கொட்டாவி விட்டார். "துண்டுக்குள்ள முடிஞ்ச பேச்சு. இனி ஒரு ரூவா ஏத்திக் கேக்கக் கூடாது. மொறை இல்ல."

"ஏத்த வேண்டாம் அண்ணாச்சி. காசே வேண்டாம். அம்புட்டுப் பருத்தியவும் சும்மா எடுத்துக்கிடுங்க. லாரிய மட்டும் நிப்பாட்டுங்க!"

சண்முகவேல் எத்தனையோ பேரம் பார்த்த மனிதர். சரக்கைச் சும்மா எடுத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சம்சாரி வீட்டு அம்மாள் அழுது அவர் கேட்டதில்லை. பிறகு, மிகவும் தாழ்ந்த குரலில்:

"ஆத்தா... தாட்டுக்குள்ள என்ன இருக்கு?"

"மருந்து."

"லாரிக்காரன்ட்ட செல்லு கிடையாது, மில்லுலயும் இந்நேரம் போனை எடுக்கமாட்டான். இரும்புக் கொக்கி போட்டுல்லா தாட்டைக் குத்தி இறக்குவான்..." என்றார் அவர், யாரிடமோ சொல்வதுபோல.

செல்லை அவர் அணைக்கவில்லை. ராமுத்தாய் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளை உதைக்கிற சத்தம் கேட்டது. ஒரு உதை. இன்னொரு உதை. மறுபடியும் ஒன்று.

வண்டி கிளம்பவில்லை.